சேர்ந்து பிடித்ததைச் சேர்ந்து விடுவது

புகைபிடிப்பதை நிறுத்த முயல்கிறவரிடம் நம் ஊரில் சொல்லப்படும் முதல் அறிவுரையும் கடைசி அறிவுரையும் ஒன்றுதான்: மனசு வைத்தால் போதும். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்பவருக்கோ, விட முடியாமற்போனால் அது தன் மனத்தின் குறை என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாமற்போகிறது. கோயம்புத்தூர் கணபதியில் பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் தரப் பரிசோதகனாக இருக்கும் நான், கல்லூரிக் காலத்தில் தொடங்கிய சிகரெட்டை நாற்பது வயதைக் கடந்த பிறகு நிறுத்தினேன். நிறுத்த உதவியது என் மனவுறுதி என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் உதவியது அதே வாரத்தில் நிறுத்திய வேறு மூன்று பேர். அவர்களில் எவரும் என்னைவிட மனவுறுதி மிக்கவர்கள் அல்லர்.

எங்கள் பகுதியில் சிகரெட்டைத் தனியாக உட்கார்ந்து பழகியவர் எவரையும் நான் அறியேன். பொது இடங்களிலும் பணியிடங்களிலும் புகைபிடிக்கத் தடை விதிக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தபோது தொழிற்கூடங்களுக்கு உள்ளே புகைப்பது குறைந்தது உண்மை. அது வாசலைத் தாண்டி எதிரிலுள்ள டீக்கடைக்கு இடம்பெயர்ந்ததும் உண்மை. காலை பத்தேகாலுக்குத் தேநீர் இடைவேளை விட்டதும் உற்பத்தி மேலாளரும் ஹெல்ப்பராக நேற்றுச் சேர்ந்த பையனும் அந்தக் கடை முன்னால் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கத் தயங்குகிறவர்கள் இங்கே தீப்பெட்டி கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். சம்பளம் எப்போது போடுவார்கள், எந்த ஆர்டர் திரும்பி வந்துவிட்டது, யார் வேலையை விடப் போகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான் தெரியவரும். பாக்கெட் வாங்கத் தேவையில்லை, ஒற்றை சிகரெட் கிடைக்கும். காசில்லாவிட்டாலும் யாராவது ஒருவர் நீட்டுவார். பேசுவதற்கு ஒரு காரணத்தையும், பேசாமல் சும்மா நிற்பதற்கு ஒரு காரணத்தையும் சிகரெட் ஒருசேரத் தருகிறது. அதை விடுகிறவன் நிக்கோடினோடு சேர்த்து இந்தக் கால் மணி நேரத்தையும் விட்டாக வேண்டும் என்பதை, நிறுத்தச் சொல்லும் மருத்துவர்களில் எத்தனை பேர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்?

இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் பல தலைமுறைகளாக நடந்துவரும் இதயநோய் ஆய்வின் பதிவுகளை வைத்து, 1971 முதல் 2003 வரையிலான காலத்தில் 12,067 பேரின் உறவு, நட்பு வலையில் புகைப்பழக்கம் எப்படி மாறியது என்பதை நிக்கலஸ் கிறிஸ்டாக்கிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் என்ற இருவர் 2008இல் வெளியிட்டார்கள். மக்கள் ஒவ்வொருவராக அல்ல, கூட்டங்கூட்டமாகவே புகையை விட்டிருந்தார்கள். வாழ்க்கைத் துணை விட்டால் மற்றவர் புகைப்பதற்கான வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் விட்டால் 36 விழுக்காடு. சிறிய நிறுவனங்களில் உடன் வேலை பார்ப்பவர் விட்டால் 34 விழுக்காடு. முப்பது பேர் வேலை செய்யும் எங்கள் தொழிற்கூடத்தைப் பொறுத்தவரை இந்தக் கடைசி எண்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நண்பனுக்கு இணையான செல்வாக்கு பக்கத்து மேசைக்காரருக்கும் இருக்கிறது என்று அது சொல்கிறது.

எங்கள் நால்வரைச் சேர்த்தது மோல்டிங் பிரிவிலிருக்கும் மூத்த அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், பீடிக்காரர். பீடி இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதி இல்லை என்று நெடுங்காலம் நம்பியவர். பீடியிலும் தாரும் நிக்கோடினும் குறைவில்லை என்பதை, நாள்பட்ட இருமலுக்காகப் பார்த்த மருத்துவர் விளக்கியிருக்கிறார். மறுநாள் டீக்கடையில், மருதமலைக்குப் போகலாமா என்று கேட்கிற அதே சாதாரணக் குரலில், “நான் வர்ற வியாழக்கெழமையோட நிறுத்திடறனுங்க. ஆராச்சும் கூட வாரீங்களா?” என்று கேட்டார். அறிவுரையாகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அது அழைப்பாக இருந்ததால் மறுப்பதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஸ்டோர்ஸில் இருக்கும், அப்போதுதான் தகப்பனாகியிருந்த தம்பி ஒருவன் சரி என்றான். தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், எங்களோடு தினமும் நிற்பவர், அவரும் சேர்ந்துகொண்டார். நான் கடைசியாகத்தான் தலையாட்டினேன்.

தம்பிக்கு மட்டும் ஒரேயடியாக நிறுத்துவதில் நம்பிக்கையில்லை. நாளுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வரலாம் என்றான். அதைப் பற்றிய விவாதம் இரண்டு நாள் நடந்தது. இங்கிலாந்தில் ஏறத்தாழ எழுநூறு பேரிடம் நடத்தி 2016இல் வெளிவந்த ஒரு ஆய்வை நான் பின்னாளில்தான் படித்தேன்: குறித்த நாளில் முழுதாக நிறுத்தியவர்களில் 49 விழுக்காட்டினர் நான்கு வாரம் தாக்குப்பிடித்தார்கள், படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 விழுக்காட்டினர். அன்றைக்கு அண்ணன் இந்தப் புள்ளிவிவரம் எதுவும் இல்லாமலே ஒரு காரணம் சொன்னார். ஆளாளுக்கு ஒரு கணக்கில் குறைத்தால் எவருக்கு எப்போது முடியவில்லை என்பது மற்றவருக்குத் தெரியாது. ஒரே நாளில் நிறுத்தினால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தாங்க முடியாமற்போகும், அப்போதுதான் ஒருவரை ஒருவர் கேட்க முடியும். என் பார்வையில், உடன் விடுகிறவர்களின் துணை என்பதன் அடிப்படை முழுவதும் அந்த வாதத்திலேயே இருக்கிறது.

நிக்கோடின் உடலில் தங்கும் காலம் மிகக் குறைவு. இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள அளவு பாதியாகிவிடும். அதனால்தான் காலையில் எழுந்ததும் கை தேடுகிறது. நிறுத்திய பிறகு எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல், தூக்கக் கேடு, அடங்காத பசி ஆகியவை முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தைத் தொட்டு, இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணிகின்றன. ஆனால் இடையிடையே வரும் அந்தத் தாங்க முடியாத வேட்கை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கிறது. ஐந்து, மிஞ்சினால் பத்து. பத்து நிமிடம் என்பது ஒரு தொலைபேசி உரையாடலின் நீளம். வேட்கை வந்தவன் அந்தப் பத்து நிமிடத்தை எதையாவது கொண்டு நிரப்பிவிட்டால் போதும் என்கிறபோது, அதை நிரப்ப ஓர் ஆள் இருப்பதன் பயன் விளங்கும்.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. டீக்கடையை மாற்றினோம். சிகரெட் விற்காத ஒரு பேக்கரி, நூறு அடி தள்ளி இருந்தது; டீ அவ்வளவு நன்றாக இருக்காது, அதைப் பற்றிக் குறைசொல்வதே முதல் வாரத்தில் எங்களுக்குப் பேச்சாயிற்று. இடைவேளைக்கு நால்வரும் சேர்ந்தே போவது, சாப்பாட்டுக்குப் பிறகு சேர்ந்தே நடப்பது, வேட்கை வந்தால் எந்த நேரமானாலும் அழைப்பது. அழைத்தவரிடம் சிகரெட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் விதி போடவில்லை, ஆனால் அப்படித்தான் அமைந்தது. இரவு ஒன்பதரைக்கு ஆட்டோக்காரர் அழைப்பார். “சாப்டீங்களாண்ணா?” என்பார். சாப்பிட்டேன் என்பேன். காந்திபுரத்தில் மாட்டிக்கொண்ட கதை, கேஸ் போட வரிசையில் நின்ற கதை, மகளுக்குப் பள்ளிக் கட்டணம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய குரலில் முதலில் இருக்கும் அவசரம் மெல்லக் குறைவது எனக்குக் கேட்கும். “செரிங்கண்ணா, வெச்சர்றேன்” என்று அவர் சொல்லும்போது நெருக்கடி கடந்துவிட்டது என்று இருவருக்கும் தெரியும். சிகரெட் என்ற சொல் ஒருமுறைகூட உச்சரிக்கப்பட்டிருக்காது.

இதை வீட்டில் செய்ய முடியாதா என்ற கேள்வி நியாயமானது. என் மனைவிக்கு நான் விட வேண்டும் என்பதில் என்னைவிட அக்கறை. ஆனால் அவருடைய அக்கறை கண்காணிப்பாகத்தான் வெளிப்பட்டது. வேறெப்படியும் வெளிப்பட்டிருக்க முடியாது. சட்டையைத் துவைக்கப் போடும்போது முகர்ந்து பார்ப்பார். நான் எரிந்து விழுந்தால், பிடிக்கவில்லை அதனால்தான் இந்தக் கோபம் என்றும், அமைதியாக இருந்தால், எங்கேயோ பிடித்துவிட்டு வந்திருக்கிறார் என்றும் அவருக்குத் தோன்றும். பல ஆண்டுகள் ஏலக்காயும் பாக்கும் மென்றுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவனிடம் அவர் வேறு எப்படி நடந்துகொள்வார்? துணைவரின் ஆதரவைக் கூட்டுவதற்காக வகுக்கப்பட்ட திட்டங்கள் பலவற்றைத் தொகுத்து 2018இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, அவற்றால் நீண்டகாலம் விட்டவர்களின் எண்ணிக்கை கூடவில்லை என்றே சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு குழுமுறைச் சிகிச்சையைப் பற்றி வந்த மதிப்பாய்வோ, தானாகப் படித்து முயல்வதைவிடக் குழுவில் முயல்கிறவர்களுக்கு வெற்றி வாய்ப்பு தெளிவாக அதிகம் என்கிறது. (குழு, தனிப்பட்ட ஆலோசனையைவிட மேலானது என்று அது சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.) அன்புக்கும் துணைக்கும் உள்ள வேறுபாடு இங்கே எனக்குப் புலப்படுகிறது. அன்புள்ளவரிடம் நாம் தோற்றதைச் சொன்னால் அவருக்கு வலிக்கிறது, ஆகவே மறைக்கிறோம். உடன் விடுகிறவரிடம் சொன்னால், அவருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. மறைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

எப்போதோ விட்டவர்களின் துணையும், வருத்தத்தோடு சொல்கிறேன், எங்களுக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. பத்து வருடத்துக்கு முன் நிறுத்திய ஒரு சூப்பர்வைசர், “நானெல்லாம் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டவன், திரும்பிப் பாக்கல” என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். அவர் பட்ட பாடு அவருக்கே மறந்துவிட்டிருந்தது. கருகிய நுரையீரல் படங்களைக் கைப்பேசியில் அனுப்பிக்கொண்டே இருந்த உறவினர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. படத்தைப் பார்த்ததும் வரும் பதற்றத்துக்குச் சிகரெட்டைத் தவிர வேறு மருந்து தெரியாதவனுக்கு அந்தப் படத்தை அனுப்புகிறார்கள்.

தொலைபேசி என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டுகளின் மீதே அச்சிடப்பட்டுவரும் 1800-11-2356 என்ற, புகையிலையை விட உதவும் கட்டணமில்லா எண்ணை, அது பல ஆண்டுகள் கண்ணெதிரே இருந்தும் நாங்கள் படித்ததில்லை. ஒற்றையாக வாங்குகிறவன் பாக்கெட்டைப் பார்ப்பதேது? இந்த தேசியச் சேவை 2016இல் டெல்லியிலுள்ள வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கியது; பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உள்ளிட்ட மையங்களுக்கு விரிவாகித் தென்னிந்திய மொழிகளிலும் கிடைக்கிறது. தம்பிதான் முதலில் அழைத்தான். எத்தனை வருடப் பழக்கம், எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட், எந்தெந்தச் சூழலில் தேடுகிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு, நிறுத்தும் நாளைக் குறிக்கச் சொல்லி, அதன் பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரித்தார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் பொறுமையாகத் தமிழில் பேசியது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அங்கே கற்றதை எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தான். சேவை இரவு எட்டு மணியோடு முடிந்துவிடும். ஒன்பதரைக்கு வருகிற வேட்கைக்கு நாங்கள்தான் இருந்தோம். இரண்டில் ஒன்று போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது, நாங்கள் இருந்த இடத்தில் அவர்களால் இருக்க முடியாது.

நிக்கோடின் சூயிங்கத்தைப் பற்றிய அறிவும் இப்படித்தான் கைமாறி வந்தது. மருந்துக் கடைகளில் சீட்டில்லாமலே கிடைக்கும் 2 மில்லிகிராம் வகையை வாங்கி, பபிள்கம் மாதிரி விடாமல் மென்ற ஆட்டோக்காரருக்கு விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். இதெல்லாம் ஏமாற்று வேலை என்று தூக்கிப் போடப் பார்த்தார். மெல்ல மென்று, மிளகுக் காரம் போல நாக்கில் உறைக்கத் தொடங்கியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும் என்பதைத் தம்பிதான் செய்து காட்டினான். சிகரெட்டின் நிக்கோடின் சில நொடிகளில் மூளையைச் சேர்கிறது; சூயிங்கத்தின் நிக்கோடின் வாயின் உட்தோல் வழியே இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டு ஏறுகிறது. காபி போன்ற அமிலத்தன்மையுள்ள பானத்தைக் குடித்த கையோடு போட்டால் அது சரியாக உறிஞ்சப்படுவதில்லை; கால் மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இதய நோயோ வேறு சிக்கலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது என்பதையும் அவன் கேட்டு வந்திருந்தான். அண்ணனுக்கு அதனால்தான் மருத்துவரிடம் ஒருமுறை கூடுதலாகப் போக நேர்ந்தது.

காபியைப் பற்றிய சேதி எனக்கு நேரடியாகப் பயன்பட்டது. புகையிலுள்ள சில வேதிப்பொருட்கள், கல்லீரலில் காஃபினைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. அதனால் புகைப்பவரின் உடலிலிருந்து காஃபின் விரைவாக வெளியேறிவிடும். புகையை நிறுத்தியதும் நொதியின் வேகம் தணிகிறது. அதே அளவு காபி குடித்தாலும் இரத்தத்தில் காஃபின் ஏறத்தாழ இரு மடங்காகத் தேங்கக்கூடும். நாளுக்கு நான்கைந்து டம்ளர் ஃபில்டர் காபி குடிக்கும் நான், நெஞ்சு படபடப்பதையும் தூக்கம் வராததையும் சிகரெட் இல்லாத குறையாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். காபியைப் பாதியாகக் குறைத்ததும் படபடப்பில் பாதி போய்விட்டது. நம் ஊரில் எத்தனை பேர், சிகரெட் இல்லாமல் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லித் திரும்பப் பிடிக்கத் தொடங்கியதற்குக் காபிதான் காரணமோ என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

நால்வரும் சேர்ந்து வெற்றிவாகை சூடினோம் என்று எழுதினால் அது பொய். ஆட்டோக்காரர் மூன்றாவது மாதத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து மறுபடி தொடங்கினார். இரவு முழுவதும் விழித்திருக்கும் ஆண்கள் கூட்டத்தில், துக்கத்தில் இருப்பவனுக்கு யாரோ ஒருவர் சிகரெட்டை நீட்டுவதும், அதை மறுப்பது மரியாதையாக இல்லாமற்போவதும் எல்லோரும் அறிந்ததே. பிடித்தது அவ்வளவு பெரிய விஷயமல்ல. அதன் பிறகு அவர் எங்களை அழைப்பதை நிறுத்தினார், அதுதான் பெரிய விஷயம். பேக்கரிப் பக்கமே வராமல் பழைய டீக்கடையில் முதுகைக் காட்டி நிற்பார். அண்ணன் அவரிடம் போய், “உங்குளுக்கு டீ சொல்லியாச்சு, வாங்க” என்று மட்டும் சொல்லி அழைத்துவந்தார். பிடிக்கிறவராகவே எங்களோடு பேக்கரியில் நின்று, டீ குடித்துவிட்டுத் தனியே போய்ப் பற்றவைத்துக்கொள்வார். இதைத் தம்பி கடுமையாக எதிர்த்தான். வாசனை அவனைத் தொந்தரவு செய்தது, அவன் பயமும் நியாயமானதே. கூட்டமாக விடுகிறவர்கள் கூட்டமாகத் திரும்பவும் விழக்கூடும். ஆனாலும் ஒருவரை விலக்கி நிறுத்தினால் அவர் போய்ச் சேருகிற இடம் எதுவென்று எங்களுக்குத் தெரிந்திருந்ததால், அண்ணனின் பக்கமே நான் நின்றேன். ஃபிராமிங்ஹாம் ஆய்விலும் இது பதிவாகியிருக்கிறது: காலம் செல்லச் செல்ல, புகைப்பதைத் தொடர்ந்தவர்கள் நட்பு வலையின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். ஆட்டோக்காரர் அடுத்த தீபாவளிக்கு முன்பு மறுபடி நிறுத்தினார். அந்த முறை எந்த நாளும் குறிக்கவில்லை, எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.

இந்தத் துணை எல்லோருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. 2016-17இல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆண்களில் 19 விழுக்காட்டினரும் பெண்களில் 2 விழுக்காட்டினரும் புகைக்கிறார்கள், புகைப்பவர்களில் 38.5 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டில் நிறுத்த முயன்றிருக்கிறார்கள். அந்த 2 விழுக்காட்டில் ஒருத்தி எங்கள் டீக்கடைக்கு வந்து, நானும் நிறுத்தப் போகிறேன் என்று சொல்ல முடியுமா? பிடிப்பதையே சொல்ல முடியாத இடத்தில் விடுவதை எப்படிச் சொல்வது? முகம் காட்டத் தேவையில்லாத அந்த இலவச எண் அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும் என்று தோன்றுகிறது. இரவுக் காவலர்கள், தனியாக லாரி ஓட்டுகிறவர்கள், விடுதி அறையில் தனித்திருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே.

சென்ற மாதம் கணினி இயக்கும் இயந்திரங்கள் உள்ள எங்கள் சிஎன்சி பிரிவில், இரண்டாம் ஷிஃப்டில் வேலை செய்யும் ஓர் இளைஞன் வந்து, எப்படி விட்டீர்கள் என்று கேட்டான். மனசு வைத்தால் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. உதவி எண்ணுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அன்றைக்கு வேண்டாம், செவ்வாய்க்கிழமை தொடங்கினால் கடினமான முதல் மூன்று நாட்களும் பகலில் அழைக்க ஆள் இருக்கும் என்று தம்பி நாள் குறித்துக் கொடுத்தான். எங்கள் எண்களையும் கொடுத்திருக்கிறோம். ஆனால் அவனுடைய டீ இடைவேளை இரவு எட்டு மணிக்கு. அப்போது நாங்கள் நால்வரும் வீட்டில் இருப்போம். அதே ஷிஃப்டில் அவனோடு சேர்ந்து நிறுத்த இன்னொருவர் வேண்டும் என்று அண்ணன் உறுதியாகச் சொல்லிவிட்டார். இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறான்; ஒருவர் சிரித்துவிட்டார், இன்னொருவர் பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். பொங்கலுக்குப் பிறகு எந்தச் செவ்வாய்க்கிழமை என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறோம்.